மீட்டருக்குத் தெரிந்தது வேகம் மட்டும்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர், சுத்தமாகி வெளியே வரும் குழாயில் இன்னொன்று. மாலையில் கணக்கெழுதும்போது உள்ளே போனது 400 கன மீட்டர், வெளியே வந்தது 430 கன மீட்டர் என்று நிற்கிறது. நடுவில் தண்ணீர் ஊற வழியில்லை. ‘மீட்டர் போயிடுச்சு, மாத்திடலாம்’ என்பார்கள். மாற்றுவதற்கு முன்னால் ஒரு டீ குடிக்கும் நேரம் இதைப் பேசிப் பார்ப்போம். பழுதே இல்லாத மீட்டரும் இப்படிக் காட்டும்.

இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் மாட்டுவது மின்காந்த ஃப்ளோ மீட்டர். பார்வைக்கு இரு முனையிலும் ஃபிளாஞ்ச் வைத்த குட்டைக் குழாய், அதன்மேல் எண் காட்டும் பெட்டி. உள்ளே சுழலும் சக்கரம் எதுவும் கிடையாது. அதனால் நூல் பிசிறும் சேறும் கலந்த தண்ணீர்கூடத் தடங்கலின்றிப் போகும். குழாயைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்கள் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. மின்சாரத்தைக் கடத்தும் தண்ணீர் அதன் குறுக்கே ஓடும்போது, தண்ணீருக்குள் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. இடமும் வலமுமாகத் தண்ணீரைத் தொட்டபடி இருக்கும் இரண்டு உலோகக் குமிழ்கள் அதை வாங்கிப் பெட்டிக்கு அனுப்புகின்றன. இவற்றுக்கு எலக்ட்ரோடு என்று பெயர். வேகம் இரு மடங்கானால் மின்னழுத்தமும் இரு மடங்காகும்.

அநேகமாக எல்லாருக்கும் இருக்கும் தவறான எண்ணம் ஒன்று இங்கே உண்டு. மீட்டர் தண்ணீரின் அளவை அளக்கிறது என்று நினைக்கிறோம். அது அளப்பது வேகத்தை மட்டுமே. குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு என்பது அதில் முன்பே பதிந்திருக்கும். வேகத்தை அந்தப் பரப்பால் பெருக்கிக் கன மீட்டராகச் சொல்லிவிடும். களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது, தள்ளி உட்கார்ந்து எண்ணிக்கையைக் காதால் கேட்டு எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மரக்கால் என்பதில் அவர் பிசகுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மரக்காலும் தலைதட்ட நிறைந்திருந்ததா என்பதை அவர் பார்க்கவில்லை. நிறைந்ததாகவே வைத்துக் கணக்கெழுதுகிறார்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 100 மில்லிமீட்டர் உள்ள குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்ணீர் நிறைந்து ஓடினால், மணிக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் போகும். அதே வேகத்தில், குழாயின் முக்கால் பரப்பில் மட்டும் தண்ணீர் ஓடினால் உண்மையில் போவது 21. மீட்டரோ 28-ஐ ஒட்டியே சொல்லிக்கொண்டிருக்கும். நம் பட்டறைக் கணக்குக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. வெளிவரும் குழாயின் பரப்பில் 7 விழுக்காட்டைக் காற்று பிடித்திருந்தாலே, 400 என்பது 430 ஆகத் தெரியும்.

ஆகவே முதலில் பெட்டியைத் திறக்காமல் குழாயைப் பார்ப்போம். தண்ணீர் தொட்டியில் கொட்டும் இடத்துக்குச் சற்று முன்னால், சரிந்து இறங்கும் குழாயில் மீட்டர் இருக்கிறதா? லைனின் மிக உயரமான இடத்தில் இருக்கிறதா? இரண்டும் காற்று தங்கும் இடங்கள். கீழிருந்து மேலே ஏறும் குழாயிலோ, தாழ்ந்து வளைந்து எழும் பகுதியிலோ மாட்டினால் எப்போதும் நிறைந்திருக்கும். வளைவோ பாதி திறந்த வால்வோ அருகில் இருந்தால் தண்ணீர் சுழன்று வரும். அதனால் மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது நேர்க்குழாய் விடுவது வழக்கம்.

அடுத்தது எர்த். எலக்ட்ரோடு தரும் மின்னழுத்தம் மில்லிவோல்ட் கணக்கில், பல சமயம் அதற்கும் கீழே இருக்கும். மீட்டர் இயங்கும் தத்துவத்தைக் கண்டுபிடித்த ஃபாரடே, 1832-ல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் தேம்ஸ் நதிக்குள் செப்புத் தகடுகளை இறக்கி, ஓடும் தண்ணீரில் பிறக்கும் மின்னழுத்தத்தை அளக்க முயன்றார். வேறு மின் தொந்தரவுகள் கலந்துவிட்டதால் தெளிவான விடை கிடைக்கவில்லை. நம் மீட்டருக்கும் அந்தத் தொல்லை உண்டு. பம்ப் ஓடும்போது மட்டும் எண் தாவுகிறது என்றால் எர்த் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிவிசி, ஹெச்டிபிஇ குழாய்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை. அங்கே மீட்டரின் இருபுறமும் தண்ணீரைத் தொடும் எர்த் வளையங்கள் தேவை.

எர்த் சரியாக இருந்தும் எண் ஆடினால், எலக்ட்ரோடின் மேல் எண்ணெய்ப் பிசுக்கோ சுண்ணாம்புப் படிவோ ஏறியிருக்கலாம். கழற்றி, உள்பூச்சில் கீறல் விழாமல் மென்மையான துணியால் துடைக்க வேண்டும். தண்ணீரின் குணத்தையும் மறக்க வேண்டாம். உப்பை முழுதாக நீக்கிய தண்ணீர், நீராவி குளிர்ந்து வந்த தண்ணீர் ஆகியவை மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அந்த லைனில் இந்த மீட்டரை மாட்டியதே பிழை.

இனி ஜீரோ. வால்வை மூடி, குழாயில் தண்ணீர் நிறைந்து அசையாமல் நிற்கும்போது மீட்டர் சுழியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உடனே ஜீரோ பட்டனை அழுத்தும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வால்வு கசிந்துகொண்டிருந்தாலோ குழாய் காலியாக இருந்தாலோ, அந்த ஓர் அழுத்தல் இனிவரும் எல்லாக் கணக்கிலும் பிழையை ஏற்றிவிடும். வால்வு முழுதாக அடைத்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே அதைத் தொட வேண்டும்.

மீட்டரில் 25, கண்ட்ரோல் ரூமில் 50 என்று வந்தால் தண்ணீரில் தேட வேண்டியதில்லை. மீட்டர் தன் எண்ணை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்புகிறது: 4 என்றால் சுழியம், 20 என்றால் உச்சம். உச்சத்தை இங்கே 50 என்றும் அங்கே 100 என்றும் பதிந்திருந்தால் இந்த இரு மடங்கு வரும். மின்னோட்டம் 4-க்கும் கீழே சரிந்து கிடந்தால் கேபிள் அறுந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

கடைசியாக, எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று. 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 10 சென்டிமீட்டர் மட்டம் ஏறினால், உள்ளே வந்தது 5 கன மீட்டர். தொட்டியிலிருந்து வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்துக்குள் மீட்டரில் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். மாதம் ஒரு முறை செய்து தேதியோடு எழுதி வைத்தால், மீட்டர் எப்போது விலகத் தொடங்கியது என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரியும்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்றால், நொய்யல் ஆற்றுக்காக. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீர் ஆற்றில் கலந்ததால்தான். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்டுப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் வந்த பிறகு, உள்ளே வந்த தண்ணீர் எங்கே போனது என்பதற்கு முதலில் பதில் சொல்வது இந்த மீட்டர்கள்தான். குழாய் நிறைந்து ஓடினால்தான் அந்தப் பதிலை நம்பலாம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மீட்டரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.