சத்தமில்லாத கார்... உலகமெல்லாம் சண்டை!

குட்டீஸ்... தெருவில் நடந்து போகும்போது, பின்னால் வண்டி வருவதே தெரியாமல், கடைசி நொடியில் திடுக்கிட்டு ஒதுங்கி இருக்கிறீர்களா? திரும்பிப் பார்த்தால் புகை இல்லை. உறுமல் சத்தமும் இல்லை. பச்சை நிற நம்பர் பிளேட் மட்டும் கண்ணில் படும். அதுதான் மின்சார வண்டி!

சத்தமே போடாத இந்த வண்டிகள், உலக நாடுகளுக்கு நடுவே பெரிய சத்தத்தைக் கிளப்பி விட்டன. இந்தச் சண்டையில் அமெரிக்கா, சீனா, ஜெர்மனி எல்லாம் இருக்கின்றன. பன்றிப் பண்ணைக்காரர்களும், பால் பண்ணைக்காரர்களும்கூட மாட்டிக்கொண்டார்கள். எப்படி என்று பார்ப்போமா?

கப்பல் நிறைய கார்!

2024, பிப்ரவரி மாதம். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்கு ஒரு பெரிய கப்பல் வந்து சேர்ந்தது. அதன் பெயர், 'பி.ஒய்.டி. எக்ஸ்ப்ளோரர் நம்பர் 1'. உள்ளே அடுக்கு அடுக்காக மாடிகள். ஒரே நேரத்தில் 7,000 கார்களை நிறுத்தலாம். அதிலிருந்து வரிசையாக இறங்கியவை சீனாவில் செய்த கார்கள்.

இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? உலகிலேயே அதிகமாகக் கார்களை ஏற்றி இறக்கும் துறைமுகங்களில் பிரேமர்ஹாஃபனும் ஒன்று. ஜெர்மன் கார்கள் அங்கிருந்துதான் உலகம் முழுவதும் போகும். அந்த இடத்துக்கே வெளிநாட்டுக் கார் கப்பல் கப்பலாக வந்தால்? திருநெல்வேலிக்கே வெளியூரிலிருந்து அல்வா கொண்டுபோய் விற்பது போலத்தானே!

அண்ணன் வளர்த்த தம்பி

அந்தக் கார்களைச் செய்த 'பி.ஒய்.டி.' கம்பெனியைத் தொடங்கியவர், வாங் சுவான்ஃபு. 1966-ல் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் படிக்கும்போதே அப்பா, அம்மா இருவரையும் இழந்து விட்டார். அண்ணனும் அண்ணியும்தான் அவரை வளர்த்துப் படிக்க வைத்தனர். கல்லூரியில் வேதியியல் படித்த அவருக்கு, பேட்டரி மீது ஆர்வம் வந்தது.

1995-ல் உறவினர் ஒருவரிடம் கடன் வாங்கி, சுமார் 20 பேருடன் ஷென்சென் நகரில் கம்பெனியை ஆரம்பித்தார். காருக்காக அல்ல, செல்போன் பேட்டரி செய்வதற்காக! அப்போது ஜப்பான் கம்பெனிகள்தான் பேட்டரியில் ராஜா. அவர்களின் தொழிற்சாலைகளில் விலை உயர்ந்த தானியங்கி இயந்திரங்கள் இருந்தன. அதை வாங்க வாங்கிடம் பணம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? இயந்திரம் செய்யும் வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, ஆட்களைக் கொண்டே செய்ய வைத்தார். பேட்டரி விலை குறைந்தது. மோட்டோரோலா, நோக்கியா போன்ற பெரிய கம்பெனிகள் அவரிடம் பேட்டரி வாங்க ஆரம்பித்தன.

2003-ல் ஒரு சின்ன கார் கம்பெனியை விலைக்கு வாங்கினார். 'பேட்டரிக்காரருக்குக் கார் எதற்கு?' என்று பங்குதாரர்கள் பயந்தனர். கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. ஆனால், 2008-ல் அமெரிக்கப் பணக்காரர் வாரன் பஃபெட்டின் நிறுவனம், 23 கோடி டாலர் கொடுத்து பி.ஒய்.டி.யில் பங்கு வாங்கியது. உலகமே திரும்பிப் பார்த்தது.

பேட்டரிதான் ஹீரோ!

பெட்ரோல் கார் செய்வது லேசான வேலை இல்லை. எஞ்சின், கியர் பெட்டி, சைலன்சர் என்று ஏகப்பட்ட பாகங்கள். ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்க நாட்டுக் கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக அதில் பழகிக் கைதேர்ந்தவை. புதிதாக வருபவர் அவர்களைப் பிடிப்பது கஷ்டம்.

மின்சார காரில் எஞ்சின் இல்லை, மோட்டார்தான். சைலன்சரும் கிடையாது. காரின் விலையில் பெரும் பங்கு பேட்டரிக்கே போய்விடும். யார் நல்ல பேட்டரியை மலிவாகச் செய்கிறாரோ, அவர்தான் முந்துவார். ஓட்டப் பந்தயத்தில் எல்லாரையும் மறுபடியும் கோட்டுக்கு வரச் சொல்லி, 'ரெடி... ஒன்... டூ... த்ரீ' சொன்னது போல் ஆகிவிட்டது!

உங்கள் வீட்டு கரண்ட் பில்லில் 'யூனிட்' என்று போட்டிருக்கும் அல்லவா? ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் கார் பேட்டரி, 2010-ல் 1,000 டாலருக்கு மேல் விற்றது. 2024-ல் அதன் சராசரி விலை வெறும் 115 டாலர்!

சீன அரசும் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது. 2009-ல் தொடங்கி 2022 கடைசி வரை, மின்சார கார்களை மக்கள் குறைந்த விலையில் வாங்குவதற்கு மானியம் கொடுத்தது. அதனால் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் முளைத்தன. போட்டி தாங்காமல் பல காணாமல் போயின. தாக்குப்பிடித்தவை பலசாலிகள் ஆயின.

பாட்டி காலத்துப் புதுமை!

மின்சார கார் புதுசு என்று நினைக்கிறீர்களா? 1899-லேயே பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்சி, மின்சார காரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டி விட்டார். சாலையில் ஓடும் வண்டி ஒன்று அந்த வேகத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. டார்பிடோ குண்டு போல் இருந்த அந்தக் காரின் பெயருக்கு, 'ஒருபோதும் திருப்தி அடையாதவள்' என்று அர்த்தம்!

பெட்ரோல் கார்களை ஊரெல்லாம் ஓட வைத்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே, மின்சார காரைத்தான் ஓட்டினார். அப்போதைய பெட்ரோல் காரை, முன்னால் கம்பியைச் சொருகிக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பட்டனை அழுத்தினால் கிளம்பும் வசதி 1912-ல் வந்தது. பெட்ரோலும் மலிவாகக் கிடைத்தது. மின்சார கார் மெல்ல மறைந்து போனது.

வரி என்னும் வேலி

சரி, சண்டைக்கு வருவோம். மலிவான சீனக் கார்கள் வந்தால் வாங்குபவர்களுக்குச் சந்தோஷம்தானே? ஆனால், உள்ளூர்த் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் என்ன ஆவார்கள்? அங்கேதான் அரசுகள் 'சுங்க வரி' என்னும் வேலியைப் போடுகின்றன.

10 லட்சம் ரூபாய் கார் ஒன்று கப்பலில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதவீத வரி போட்டால், அதன் விலை 20 லட்சம் ஆகிவிடும். உள்ளூரில் 15 லட்சத்துக்கு விற்கும் கார், இப்போது மலிவாகத் தெரியும்!

2024-ல் அமெரிக்கா இதைத்தான் செய்தது. சீன மின்சார கார்களுக்கு 100 சதவீத வரி போட்டது. ஐரோப்பிய யூனியனோ ஒரு விசாரணை நடத்தி, 'சீன அரசு கொடுக்கும் உதவியால்தான் இந்தக் கார்கள் மலிவாக இருக்கின்றன. இது நியாயமான போட்டி இல்லை' என்றது. 2024 அக்டோபர் கடைசியில், ஏற்கெனவே இருந்த 10 சதவீத வரிக்கு மேல் கூடுதல் வரி போட்டது. பி.ஒய்.டி.க்கு 17 சதவீதம், எஸ்.ஏ.ஐ.சி. என்ற கம்பெனிக்கு 35.3 சதவீதம்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்க கம்பெனியான டெஸ்லாவுக்கும் 7.8 சதவீதம் கூடுதல் வரி! ஏன்? டெஸ்லாவுக்குச் சீனாவின் ஷாங்காய் நகரில் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே செய்த கார்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. அப்படியானால் அது அமெரிக்கக் காரா, சீனக் காரா? நீங்களே சொல்லுங்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த வரி வேண்டுமா என்று 27 ஐரோப்பிய நாடுகள் ஓட்டுப் போட்டன. 10 நாடுகள் 'வேண்டும்' என்றன. 5 நாடுகள் 'வேண்டாம்' என்றன. 12 நாடுகள் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. 'வேண்டாம்' என்ற நாடுகளில் ஒன்று எது தெரியுமா? கார்களுக்குப் பேர்போன ஜெர்மனி! ஜெர்மன் கார்களுக்குச் சீனா பெரிய சந்தை. 'நாம் வரி போட்டால், அவர்களும் போடுவார்களே' என்ற பயம்.

பயந்தது போலவே சீனா சும்மா இருக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் பன்றி இறைச்சி, பால் பொருட்கள் மீது 2024-ல் விசாரணை தொடங்கியது. 2025-ல் பன்றி இறைச்சிக்கு வரியும் போட்டது. கார் சண்டைக்கும் அந்தப் பண்ணைக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால், நஷ்டம் அவர்களுக்கும்தான்.

கோழிக்காக ஒரு வரி

இப்படி நடப்பது முதல் முறை அல்ல. 1960-களில் அமெரிக்காவிலிருந்து மலிவான கோழி இறைச்சி ஐரோப்பாவுக்குப் போய்க் குவிந்தது. உள்ளூர்க் கோழிப் பண்ணைகளைக் காப்பாற்ற, மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகள் வரி போட்டன. கோபம் கொண்ட அமெரிக்கா, 1964-ல் வெளிநாட்டுச் சிறிய சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. இதற்கு 'கோழி வரி' என்றே பெயர் வந்துவிட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்து போனது. வரி மட்டும் 60 ஆண்டுகள் தாண்டியும் இருக்கிறது!

இந்த வரியிலிருந்து தப்பிக்க ஒரு தந்திரம் நடந்தது. ஃபோர்டு கம்பெனி துருக்கியில் செய்த வேன்களைப் பின் சீட்டு, ஜன்னலோடு 'பயணிகள் வண்டி' என்று சொல்லி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அப்போது பயணிகள் வண்டிக்கு வரி 2.5 சதவீதம்தான். துறைமுகத்தில் இறங்கியதும் சீட்டைக் கழற்றி, சரக்கு வண்டியாக மாற்றி விட்டார்கள்! வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில், 2024-ல் 36 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஃபோர்டு ஒப்புக்கொண்டது.

வேலி தாண்டும் தொழிற்சாலை

வேலி போட்டால் போட்டி நின்றுவிடுமா? 1981-ல் அமெரிக்கா கொடுத்த நெருக்கடியால், 'ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்ப மாட்டோம்' என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. 1982-ல் ஹோண்டா கம்பெனி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலேயே கார் செய்யத் தொடங்கியது. மற்ற ஜப்பான் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. அமெரிக்கர்களுக்கு வேலை கிடைத்தது. ஜப்பான் கார்களும் விற்றன.

இப்போதும் அதே கதைதான். பி.ஒய்.டி. தாய்லாந்தில் 2024-ல் தொழிற்சாலை திறந்தது. ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டைத் தேர்ந்தெடுத்தது. பிரேசிலில் ஃபோர்டு மூடிவிட்டுப் போன இடத்திலேயே, 2025-ல் கார்களை உருவாக்க ஆரம்பித்தது.

நம் நாட்டிலும் வேலி உயரம்தான். 2025 ஜூலையில் டெஸ்லா மும்பையில் ஷோரூம் திறந்தபோது, அதன் 'மாடல் ஒய்' காரின் ஆரம்ப விலை சுமார் 60 லட்சம் ரூபாய். அமெரிக்காவில் அதே பெயருள்ள காரின் விலை, அப்போதைய மதிப்பில் 40 லட்சத்துக்கும் குறைவு. விலை எகிறியதற்கு முக்கியக் காரணம், இறக்குமதி வரி. வியட்நாம் நாட்டு 'வின்ஃபாஸ்ட்' கம்பெனியோ வேறு வழி பிடித்தது. நம் தூத்துக்குடியிலேயே தொழிற்சாலை கட்டி, 2025 ஆகஸ்டில் திறந்தது.

மண்ணுக்குள் ஒரு போட்டி

பேட்டரிக்கு வேண்டிய பொருட்கள் மண்ணுக்குள் இருந்து வருகின்றன. அதில் ஒன்று, கோபால்ட். உலகின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்துதான் கிடைக்கிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில், உங்கள் வயதுள்ள குழந்தைகளும் பள்ளிக்கூடம் போகாமல் கல் பொறுக்கி, சுமந்து, கழுவிக் கொடுக்கும் கொடுமை நடக்கிறது. புகை இல்லாத காருக்குப் பின்னால் இப்படியும் ஒரு கறை.

இதற்கு அறிவியல் ஒரு வழி காட்டியிருக்கிறது. இரும்பு, பாஸ்பேட் கொண்டு செய்யும் பேட்டரிக்குக் கோபால்ட் தேவையே இல்லை. இந்த யோசனைக்கு வித்திட்டவர்களில் ஒருவர், அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்எனஃப். 2019-ல் நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 97! பி.ஒய்.டி.யின் கத்தி போல் நீளமான 'பிளேடு பேட்டரி' இந்த வகைதான்.

மோட்டாருக்கு வேண்டிய சக்திவாய்ந்த காந்தங்களிலும் சீனாவின் கைதான் ஓங்கி இருக்கிறது. 2025 ஏப்ரலில் சில அரிய உலோகங்கள், காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடுத்த சில வாரங்களில், ஜப்பானில் சுஸுகி 'ஸ்விஃப்ட்' கார் தயாரிப்பே கொஞ்ச நாள் நின்றது. உள்ளங்கை அளவுப் பொருள் வராவிட்டால், ஒரு தொழிற்சாலையே நிற்கும்!

சிரித்தவரும், ஜெயித்தவரும்

2011-ல் ஒரு டிவி பேட்டியில், பி.ஒய்.டி. பற்றிக் கேட்டதும் டெஸ்லாவின் தலைவர் எலன் மஸ்க் சிரித்து விட்டார். 'அவர்கள் காரைப் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டார். 2025-ம் ஆண்டுக் கணக்கு என்ன சொல்கிறது? முழுக்க மின்சாரத்தில் ஓடும் கார்களில் டெஸ்லா விற்றது சுமார் 16 லட்சத்து 36 ஆயிரம், பி.ஒய்.டி. விற்றது 22 லட்சத்துக்கும் மேல்!

இதோடு பந்தயம் முடிந்துவிடவில்லை. நாளைக்கு இன்னும் மலிவான, கறை இல்லாத பேட்டரியை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். பெற்றோரை இழந்து, அண்ணன் நிழலில் வளர்ந்த ஒரு கிராமத்துப் பையனுக்கு வேதியியல் பாடம்தான் கைகொடுத்தது. அந்தப் பாடம் உங்கள் பைக்குள்ளும் இருக்கிறது, குட்டீஸ்! அடுத்த முறை பச்சை நம்பர் பிளேட் வண்டி சத்தமில்லாமல் கடந்து போனால், 'இதன் பேட்டரி எந்த நாட்டிலிருந்து வந்தது?' என்று அப்பாவிடமோ, ஆசிரியரிடமோ கேட்டுப் பாருங்கள். அவர்களும் யோசிப்பார்கள்!