கடை அவருடையது, காற்று யாருடையது?

சம்பளம் வாங்கிய மறுநாள் பட்டணத்துக்குப் போய், சாமான்களை வாங்கிக்கொண்டு, ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டிச் சானாயும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு வருவது நம் தோட்டக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். அப்படி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து மேசைக்காரர் சிகரெட்டைப் பற்ற வைத்தால், கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்த தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். யாரும் எதுவும் சொன்னதில்லை. கடை அவருடையது, காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் புகைக்கிறார், நாம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம்.

அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் செய்தது 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த தடை. அதற்கு முன்பு குளிர்சாதனம் பொருத்திய உணவகங்களில்தான் தடை இருந்தது. நம்மைப் போன்றவர்கள் போய் உட்காரும் திறந்த கடைகளுக்கு அது பொருந்தவில்லை. 2019இல் கோப்பிக்கடை, ஒட்டுக்கடை, சாலையோரக் கடை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா உணவுக் கடைகளும் அதற்குள் வந்தன. புகைக்க வேண்டுமானால் கடையிலிருந்து மூன்று மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்தடி தள்ளிப் போக வேண்டும். முதல் ஓராண்டு எச்சரிக்கையோடு விட்டார்கள். 2020 ஜனவரி முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள்.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? புகைப்பவர்கள் எழுவர் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்துக்கே போனார்கள். சிகரெட் விற்பது சட்டப்படி செல்லும்போது, அதைப் பிடிப்பதை மட்டும் தடுப்பது தங்கள் உரிமைக்கு மாறானது என்பது அவர்கள் கட்சி. 2019 அக்டோபரில் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. புகைக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை, இன்ன இடத்தில் புகைக்காதே என்பதுதான் விதி. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்காரர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. "கடனை வாங்கிக் கடை போட்டவன் நான். வாடகை கொடுப்பவன் நான். என் கூரைக்குக் கீழே என்ன நடக்கலாம் என்று அரசாங்கம் ஏன் சொல்ல வேண்டும்? புகை பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகட்டுமே" என்கிறார் அவர். இது வீம்புப் பேச்சன்று. காலையில் ஒரு கோப்பியும் இரண்டு சிகரெட்டுமாக மணிக்கணக்கில் உட்காரும் வாடிக்கைக்காரர்களை நம்பியே நடந்த சிறுகடைகள் உண்டு. அவர்களில் சிலர் வராமல் போயிருக்கவும் கூடும். ஆயினும் மொத்தத்தில் உணவகத் தொழில் இத்தகைய தடையால் நலிவதில்லை என்று, பல நாடுகளின் கணக்கைப் பார்த்து, புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக நிலையம் 2009ஆம் ஆண்டுக் கையேட்டில் எழுதியிருக்கிறது. புகைக்கு அஞ்சி வராதிருந்த குடும்பங்களும் உண்டல்லவா?

ஆனால் இந்த வழக்கில் வாதியும் பிரதிவாதியும் மட்டும்தானா இருக்கிறார்கள்? ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாடிக்கைக்காரர். மூன்றாவதாக ஒருவர் தட்டு எடுத்துக்கொண்டும் மேசை துடைத்துக்கொண்டும் அங்கேயே நிற்கிறார். அவரைப் பற்றித்தான் நாம் இன்று முக்கியமாகப் பேச வேண்டும். ஏனென்றால் அவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை.

நம் பள்ளியில் படித்துப் போன பெண் ஒருத்தி, தடை வருவதற்கு முந்திய காலத்தில், பட்டணத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தாள். காலை ஆறு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். தீபாவளிக்கு நம்மைப் பார்க்க வந்தபோது, "சிகரெட்டுச் சாம்பலைக் கொட்டுவதுதான் சார் பாதி வேலை" என்றாள். பேச்சுக்கு நடுவே இருமினாள். வேறு கடைக்குப் போகட்டுமே என்று வாடிக்கைக்காரருக்குச் சொல்லலாம். அவளுக்குச் சொல்ல முடியுமா? அந்த மாதத்துச் சம்பளத்தில்தான் தம்பியின் பள்ளிச் செலவு இருந்தது.

கனடா நாட்டில் ஹெதர் குரோவ் என்ற அம்மையார் இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உணவகங்களில் பரிமாறி வாழ்ந்தவர். தம் வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் பிடித்ததில்லை. 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று கண்டார்கள். வேலையிடத்துப் புகையே காரணம் என்று ஏற்று, ஒண்டாரியோ மாநிலத்துத் தொழிலாளர் நட்டஈட்டு வாரியம் அவருக்கு நட்டஈடு கொடுத்தது. எஞ்சிய நாட்களை ஊர் ஊராகப் போய்ப் பேசுவதில் அவர் செலவிட்டார். 2006 மே மாதம் காலமானார். அதே மாதம் 31ஆம் தேதி அம்மாநிலத்தில் வேலையிடங்களில் புகைத்தடை நடப்புக்கு வந்தது. அயர்லாந்து 2004 மார்ச்சில் மதுக்கடைகளில்கூடப் புகையைத் தடுத்தபோதும், அங்கே வேலை செய்பவர்களின் உடல்நலத்தையே முதல் காரணமாகக் காட்டியது.

"தனியறை கட்டிவிட்டால் போகிறது" என்பாரும் உண்டு. இந்தியாவில் 2008 அக்டோபர் 2ஆம் தேதி வந்த விதி, முப்பதும் அதற்கு மேலும் இருக்கைகள் உள்ள உணவகங்களில் அப்படித் தனிப்பகுதி வைக்க இடம் கொடுத்தது. நல்லது, அந்த அறைக்குள் தேநீர் கொண்டுபோவது யார்? 2017இல் அந்தப் பகுதியில் எதையும் பரிமாறக் கூடாது என்று விதியைத் திருத்த வேண்டியிருந்தது. மின்விசிறி போட்டால் தீருமா என்றால், காற்றை மாற்றும் கருவிகளால் இந்த ஆபத்தை முழுதும் நீக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை கூறிவிட்டது.

தனியார் இடத்துக்குள் சட்டம் நுழையலாமா என்ற கேள்வி தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதியதன்று. தோட்டமே ஒரு தனியார் இடந்தானே! 1923ஆம் ஆண்டு, கூட்டரசு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நிலம் கம்பெனியுடையது, கட்டடம் கம்பெனியுடையது, உள்ளே நுழைந்தது சட்டம். ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்கும் தோட்டத்து மண்ணில்தான் நம் பள்ளிகள் எழுந்தன.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். செம்பனைத் தோட்டங்களில் புல்லுக்கு மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். பாராகுவாட் என்ற அந்த மருந்து வாய்க்குள் போனால் ஆளைக் கொல்லும். தோலிலும் கண்ணிலும் பட்டால் புண்ணாக்கும். 2002இல் அதைத் தடை செய்ய முடிவெடுத்தார்கள். முதலாளிமார் பக்கத்திலிருந்து செலவு கூடும் என்ற முறையீடு வந்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. உணவுக் கடைகளில் புகைக்கு அபராதம் தொடங்கிய அதே நாள்! மருந்தடிக்கும் தாயும் தட்டெடுக்கும் மகளும் ஒரே நாளில் காப்புப் பெற்றார்கள் என்று சொன்னால் சற்று மிகையாகும். ஆனால் இரண்டிலும் எழுந்த கேள்வி ஒன்றே. சம்பளம் கொடுக்கிறவருக்கு நம் உழைப்பின்மேல் உரிமை உண்டு. நம் நுரையீரலின்மேலும் உண்டா?

அதற்காக அரசாங்கம் எவ்வளவு தூரமும் வரலாம் என்று நாம் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டு முதல் பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுதும் சிகரெட் விற்கக் கூடாது என்றொரு திட்டம் நம் நாட்டில் எழுந்தது. ஒரே நாட்டு மக்களை வயதுகொண்டு பிரிப்பது அரசியலமைப்புக்கு ஒத்துவருமா என்ற ஐயம் வந்தது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டுத்தான் 2023 நவம்பரில் மக்களவை மசோதாவை ஏற்றது. அந்தச் சட்டம் 2024 அக்டோபர் முதல் நாள் நடப்புக்கு வந்தது. தடை செய்த இடத்தில் புகைத்தால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகலாம். கடலுக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே 1970இலேயே திரையரங்குகளிலும் பேருந்துகளிலும், 2006இல் கோப்பிக்கடைகளிலும் தடை வந்துவிட்டது.

சட்டம் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அதுவே சரி என்றுதான் நாமும் கருதுகிறோம். புகை அப்படி நிற்பதில்லை. ஜப்பானில் ஹிராயாமா என்ற அறிஞர், சிகரெட் பிடிக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து, 1981இல் முடிவை வெளியிட்டார். கணவர் மிகுதியாகப் புகைக்கும் வீடுகளில் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. சிகரெட்டுக் கம்பெனிகள் அவர்மேல் பாய்ந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன.

வகுப்பில் இந்த மூன்று மீட்டர்க் கணக்கைச் சொன்னபோது, ஒரு மாணவன் மீட்டர்க் கோலை இரவல் வாங்கிக்கொண்டு போனான். மறுநாள், "எங்கள் வீட்டு முன்தாழ்வாரம் முழுதும் சேர்ந்தே இரண்டு மீட்டர்தான் சார்" என்றான்.

முப்பது ஆண்டுகள் பழகியதை ஒரே நாளில் விடுவது எளிதன்று. விட முயன்று தோற்ற நல்ல மனிதர்கள் பலரை நாம் அறிவோம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை நடக்கிறது. ஆலோசனை தருகிறார்கள், தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்கள். எந்தக் கிழமை நடக்கிறது என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு, அடையாள அட்டையோடு போனால் போதும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், மனைவியையோ படித்த பிள்ளையையோ உடன் அழைத்துப் போகலாம்.