மொரிஸ் மைனருக்குள் ஒரு பந்தயக் கார்

கல்முனையில் ஒரு கராஜில், 1959ஆம் ஆண்டைச் சேர்ந்த மொரிஸ் மைனர் ஒன்று சென்ற மாதம் முன்மூடி திறந்தபடி நின்றது. முன்னர் நம்மிடம் பௌதிகம் பயின்ற இளைஞர் ஒருவருக்கு அவர் பாட்டனார் விட்டுச் சென்ற கார் அது. எண்ணெயைக் குடித்து நீலப் புகை கக்கும் நிலைக்கு வந்திருந்தது. அதனைத் திருத்துவதோடு நில்லாது, பந்தயக் காராகவே மாற்றிவிட வேண்டுமென்பது இளைஞரின் அவா. மெக்கானிக்கோ இணங்கவில்லை. "சேர், நீங்க சொன்னாக் காக்கா கேட்பாரு" என்று இளைஞர் நம்மைத் துணைக்கு அழைத்துச் சென்றார்.

அவ்வாசை வீண் ஆசையன்று. 1958ஆம் ஆண்டு மொன்டி கார்லோவில் அறிமுகமான ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் காரை வாசகர்கள் படத்திலேனும் கண்டிருப்பர். தவளைக் கண்கள் போல் முன்விளக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். அதனுள் இருந்தது மைனரின் அதே 948 கன சென்டிமீட்டர் எஞ்சின்தான். மைனரில் 37 குதிரைவலு. ஸ்பிரைட்டில் ஏறத்தாழ 43. இவ்வெஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் கலவை புகும் வாயில்கள் இரண்டே. மைனரில் ஒரே காபுரேட்டர் இரு வாயில்களுக்கும் ஊட்டுகிறது. ஸ்பிரைட்டிலோ வாயிலுக்கு ஒன்றாக இரண்டு. வால்வுகளிலும் சிறிது மாற்றம் உண்டு. ஆகவே பந்தயக் கார் ஒன்று மைனருக்குள் உறங்குகின்றது என்று இளைஞர் சொன்னதில் தவறில்லை.

காக்கா முதலில் சிலிண்டர்களை அளந்து காட்டினார். மேற்புறம் தேய்ந்து வட்டம் கெட்டிருந்தது. கடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன்களைப் பூட்டினாலன்றி, எத்தனை காபுரேட்டர் வைத்தும் பயனில்லை. அடுத்து வால்வு இருக்கைகள். பழைய பெற்றோலில் கலந்திருந்த ஈயம் அவற்றுக்கு மெத்தைபோல் உதவிற்று. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நின்றபின், வார்ப்பிரும்பு இருக்கைகள் மெல்ல மெல்ல அரிக்கப்படுகின்றன. கடின உருக்கு வளையங்களைப் பதிப்பதே பரிகாரம். வேகத்தை ஒரு மைலும் கூட்டாத இம்மாற்றமே மைனர் வைத்திருப்போர் முதலிற் செய்யவேண்டியது என்பது நம் எண்ணம்.

"ரெண்டு காபுரேட்டரும் பூட்டலாம் தம்பி. பிரேக்குக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றார் காக்கா.

நாம் சற்று நாணினோம். வேகம் இருமடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் நமக்கு அக்கேள்வி தோன்றவேயில்லை. தயாரிப்பாளருக்குத் தோன்றியிருந்தது. 1962இல் ஸ்பிரைட்டுக்கு 1098 எஞ்சினைக் கொடுத்தபோதே, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கொடுத்தனர். மைனரோ கடைசிவரை டிரம் பிரேக்குடனேயே வெளிவந்தது. கல்முனை வீதியில் பள்ளி விடும் நேரத்தைக் கண்டவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

இளைஞரின் முகம் வாடிற்று. கையிலிருந்த பணம் ஒன்றுக்கே போதும். நெடுநேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதல்ல பிரேக்கைப் பாருங்க காக்கா" என்றார்.

எஞ்சின் இப்போது தன் பழைய 37 குதிரைவலுவோடு, புகையின்றி ஓடுகின்றது. டிஸ்க் பிரேக்கும் பூட்டியாயிற்று. ஏற்கெனவே வாங்கிய இரட்டைக் காபுரேட்டர்கள் பத்திரிகைத் தாளிற் சுற்றப்பட்டுப் பின்னாசனத்தின் கீழ்க் கிடக்கின்றன.