"லோடு தாங்கலைன்னு பட்டையைக் கூட்டாதீங்க!" போடி மலையில் ஓடும் பழைய பிக்கப்களுக்கு எது சரியான வைத்தியம்?

போடிநாயக்கனூர்:

விடிவதற்கு முன்பே முந்தல் ரோட்டில் வண்டிச் சத்தம் தொடங்கி விடுகிறது. ஏலத்தோட்டத்துக்கு உரமூட்டை, பைப், மோட்டார் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் பிக்கப்கள் ஒரு பக்கம். கூலி வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்கள் இன்னொரு பக்கம். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, 4 ஆயிரம் அடிக்கு மேல் இருக்கும் போடிமெட்டு வழியாக பூப்பாறை, சாந்தாம்பாறை பக்கம் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கி வர வேண்டும்.

மெயின் ரோடு தார் ரோடுதான். ஆனால் எஸ்டேட்டுக்குள் வண்டியைத் திருப்பினால் கல்லும் குழியும்தான். இந்தப் பாதையில் 10, 15 வருஷம் ஓடிய வண்டியின் பின்பக்கம் இறங்கிப் போவதில் ஆச்சரியம் இல்லை. லோடு ஏற்றினால் டயர் மட்கார்டில் உரசும்.

உடனே ஓனர்கள் சொல்வது ஒன்றுதான். "ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டு வண்டியைத் தூக்கி விடுங்க". செலவு குறைவு, வேலையும் அரை நாளில் முடிந்து விடும். ஆனால் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இதுதான் தப்பான வைத்தியம். உண்மையான கோளாறு பல சமயம் வேறு இடத்தில் இருக்கும்.

வில்லு வண்டி காலத்து சங்கதி

பட்டை ஸ்பிரிங் நம் ஊருக்குப் புதிது அல்ல. பண்ணையார் வீட்டு வில்லு வண்டிக்குப் பெயர் வந்ததே இந்த வில்லால்தான். லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் என்பவர் 1804-ம் ஆண்டில் குதிரை வண்டிக்கு இப்படிப்பட்ட வில் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். 200 வருஷம் கழித்து 2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டியிலும் முன்னும் பின்னும் பட்டைதான். விலை குறைவு, முரட்டுத்தனமாக உழைக்கும், எந்த ஊர்ப் பட்டறையிலும் வேலை பார்க்கலாம் என்பதே காரணம்.

மேலே இருப்பது மெயின் பட்டை. அதன் இரண்டு முனையும் சுருட்டப்பட்டு, புஷ் வைத்து சேசிஸில் மாட்டப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஒன்றை விட ஒன்று நீளம் குறைந்த பட்டைகள். எல்லாவற்றையும் நடுவில் சென்டர் போல்ட் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலோடு சேர்த்து இறுக்குவது யு போல்ட்.

எடையைத் தாங்குவது பட்டை. குழியில் இறங்கி ஏறியதும் வண்டி தொடர்ந்து ஆடாமல் நிறுத்துவது ஷாக் அப்சார்பர். இரண்டுக்கும் வேலை வேறு வேறு. ஷாக் போய்விட்ட வண்டிக்குப் பட்டை சேர்ப்பது, கண் வலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான்.

ஒரு சின்ன கணக்கு

ஒரே அளவில் 5 பட்டை இருக்கும் கட்டில் அதே போல இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 5-ல் ஒரு பங்கு கூடும். ஆனால் பட்டையின் தடிமன் கூடினால் கணக்கே வேறு. தடிமன் 2 மடங்கானால் விறைப்பு 8 மடங்கு ஆகும். நீளமும் அகலமும் மாறாமல் 8 மில்லி மீட்டர் பட்டையை எடுத்துவிட்டு 10 மில்லி மீட்டர் பட்டையைப் போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"ரெண்டு மில்லிதானே கூட" என்று நினைத்து லாரிப் பட்டையை வெட்டிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலி வண்டிதான் ஆபத்து

லோடு இருக்கும்போது விறைப்பான பட்டை நன்றாகத்தான் தெரியும். தொல்லை எல்லாம் லோடை இறக்கிய பிறகுதான். உரத்தை எஸ்டேட்டில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் துள்ளும். சக்கரம் தரையை விட்டு எழும்பும் அந்த நொடியில் டயருக்குப் பிடிப்பு இல்லை. மழை பெய்த கொண்டை ஊசி வளைவில், பிரேக் மேல் கால் இருக்கும்போது இது நடந்தால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

வருஷக்கணக்கில் இந்தக் குலுக்கலைத் தாங்கும் டிரைவரின் முதுகையும் இடுப்பையும் சொல்லவே வேண்டாம்.

பிரேக்குக்கும் சம்பந்தம் உண்டு

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு வால்வு ஒன்று இருக்கும். லோடு ஏறி வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். காலியாக இருந்தால் குறைக்கும்.

பட்டையைக் கூட்டி வண்டியைத் தூக்கிவிட்டால் லோடு ஏற்றினாலும் அது சரியாக அமுங்காது. வால்வு "வண்டி காலி" என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்து விடும். முழு பாரமும் முன் பிரேக் மேல் விழும். லோடோடு போடிமெட்டில் இருந்து முந்தல் வரை இறங்கும்போது முன் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று மலை டிரைவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே பட்டை வேலை பார்த்தால், இந்த வால்வையும் கம்பெனி சொன்ன அளவுக்கு செட் செய்து வாங்க வேண்டும்.

எதை முதலில் பார்ப்பது?

காசு குறைவாகச் செலவாகும் இடத்தில் இருந்து தொடங்குவதே நல்லது.

* டயர் காற்று: காலி வண்டியில் அதிகக் காற்று இருந்தால் அதுவே குதிக்க வைக்கும்.

* புஷ், ஷாக்கிள் பின்: தேய்ந்திருந்தால் "கடக் கடக்" சத்தம் வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். புஷ் மாற்றினாலே பாதி வண்டிகள் அமைதியாகி விடும்.

* ஷாக் அப்சார்பர்: வண்டியின் மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு ஆட்டத்தில் நிற்க வேண்டும். தொடர்ந்து ஆடினாலோ, ஆயில் கசிந்தாலோ மாற்ற வேண்டும். மாற்றும்போது இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவதே முறை.

* பட்டை: விரிசல், உடைப்பு இருக்கிறதா என்று கழுவிப் பார்க்க வேண்டும். உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கவே கூடாது. சூடு பட்டால் எஃகின் பதம் போய்விடும். அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி உடையும்.

* யு போல்ட்: கழற்றியதைத் திரும்பப் போடாமல் புதிது போடுவது நல்லது. சில நூறு கிலோ மீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். இது லூசானால் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சிலே இடம் மாறும்.

தூக்க வேண்டும் என்றால்...

வளைவு போன பட்டைக்கு, கம்பெனி அளவிலேயே புதுக் கட்டு மாற்றுவதுதான் சிறந்த வழி. பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றுவதும் உண்டு. ஆனால் களைத்துப்போன எஃகு கொஞ்ச நாளில் மறுபடி இறங்கி விடும்.

சில நாள் கனமான லோடு, மற்ற நாள் காலி என்று ஓடும் வண்டிக்கு ஹெல்பர் பட்டை பொருத்தம். லோடு ஏறி வண்டி அமுங்கிய பிறகே இது தொட்டுத் தாங்கும். காலியாக இருக்கும்போது சும்மா இருக்கும். அந்த மாடலுக்கு கம்பெனி அனுமதித்ததைத்தான் போட வேண்டும்.

கட்டை வைத்து உயரம் ஏற்றுவது மலைப்பாதைக்கு ஆகவே ஆகாது. உயரம் கூடக் கூட வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இல்லை இரண்டும் கிடைக்கலாம்.

முக்கியமான விஷயம், எத்தனை பட்டை சேர்த்தாலும் ஆர்.சி. புக்கில் உள்ள லோடு அளவு ஒரு கிலோ கூட ஏறாது. பட்டை தாங்கினாலும் பிரேக்கும், டயரும், ஆக்சிலும் பழைய அளவுக்குச் செய்தவைதானே!

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது "ரெண்டு பட்டை சேருங்க" என்று சொல்வதற்கு முன், "புஷ்ஷையும் ஷாக்கையும் முதல்ல பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். பணமும் மிச்சம், முதுகும் மிச்சம். ராத்திரி வீடு வந்து சேருவதும் நிச்சயம்.