பருவமும் பாடமும்

பள்ளி திறக்கும் நாளில் உங்கள் கைக்குப் புதிய புத்தகம் ஒன்று வருகின்றது. அதே நாளில் ஆசிரியர் வெற்றுக் குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொள்கின்றார். எந்தத் திங்களில் எந்தப் பாடத்தை நடத்துவது, எதற்கு எத்தனை பாடவேளை ஒதுக்குவது, எந்தப் பொருளை வகுப்பிற்குக் கொணர்வது என்பவற்றையெல்லாம் அவர் அதில் முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். அதனை ஆண்டுத் திட்டம் என்பர். அது மாணவர் கண்ணில் படுவதில்லை. ஆயினும், ஓர் ஆண்டில் நீங்கள் எவற்றைக் கண்ணாற் கண்டு கற்பீர்கள், எவற்றைச் சொல்லால் மட்டும் கற்பீர்கள் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அக்குறிப்பேடே. உயிரியல் பாடத்திற்கு அத்திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை, விருத்தாசலம் என்னும் ஊரை நிலைக்களனாகக் கொண்டு இங்கே காண்போம்.

தமிழ் கற்பித்தவனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். நான் பணியேற்ற புதிதில், பள்ளியொன்றில் என் இருக்கைக்கு அடுத்த இருக்கையில் உயிரியல் ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். உழைப்பாளி, மாணவரிடத்து அன்புடையவர். புத்தகத்தின் வரிசையைச் சிறிதும் பிறழாமல் தம் திட்டத்தில் எழுதியிருந்தார். அவ்வரிசைப்படி தவளையைப் பற்றிய பாடம் மாசித் திங்களில் வந்தது. மாணவரை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் சென்றார். ஏரியில் நீர் இல்லை. வெடித்த சேறே இருந்தது. தவளையும் இல்லை, தலைப்பிரட்டையும் இல்லை. திரும்பி வந்து, பல்லாண்டுகளாகப் புட்டியில் மருந்துநீரில் ஊறி வெளுத்துப்போன தவளை ஒன்றைக் காட்டிப் பாடத்தை முடித்தார். “ஐயா, தவளையின் நிறம் வெள்ளையா?” என்று ஒரு மாணவன் கேட்டான். அன்று மாலை அவர் என்னிடம், “தமிழையா, ஐப்பசியில் இதே ஏரியில் தவளைகள் காது செவிடுபடக் கத்தின, அப்பொழுது நான் உயிரணுவின் அமைப்பை நடத்திக்கொண்டிருந்தேன்” என்று சொல்லி வருந்தினார். அதன்பின் அவருடைய ஆண்டுத் திட்டத்தை நாங்கள் இருவரும் சேர்ந்தே வகுக்கத் தொடங்கினோம்.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டொன்றிற்கு 220 வேலைநாள் வேண்டும் என விதிக்கின்றது. உயர்நிலை வகுப்புகளுக்கும் அவ்வளவையே கொள்வோம். வாரம் ஐந்து நாளாக அது 44 வாரம் ஆகும். உயிரியலுக்கு வாரத்தில் மூன்று பாடவேளை கிடைப்பின் மொத்தம் 132. தேர்வு நாள்கள், தேர்வுக்கு முந்திய திருப்புதல், மழைக்கால விடுமுறை, பள்ளி விழாக்கள் ஆகியவற்றைக் கழித்து நூறு எஞ்சுமாயின் ஆசிரியர் மகிழலாம். ஒரு பாடவேளை 45 நிமிடம் எனின், நூறு பாடவேளை 75 மணி. அஃதாவது மூன்று பகலும் மூன்று இரவும், அவற்றின்மேல் மூன்று மணியும். புல் முதல் மனிதன் வரையுள்ள உயிர்களின் செய்தியெல்லாம் இத்துணைச் சிறு காலத்துள் அடங்குதல் வேண்டும்.

உயிரணு, மரபுப் பண்பு, குருதிச் சுழற்சி முதலிய பாடங்கள் எந்தத் திங்களிலும் காத்திருக்கும். தலைப்பிரட்டை காத்திராது. ஆதலின் திட்டமிடுவோர், பாடங்களைக் காத்திருப்பன என்றும் காத்திராதன என்றும் இரண்டாகப் பகுத்தல் வேண்டும். காத்திராதனவற்றை அவற்றிற்குரிய திங்களில் முதலில் இருத்திவிட்டு, இடையே உள்ள வெற்றிடங்களில் ஏனையவற்றை நிரப்புதல் வேண்டும். நாங்கள் இதற்குக் கொண்ட அளவுகோல் தமிழ் இலக்கணம் கூறும் பெரும்பொழுது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்து விலங்கும் மரமும் பறவையும் கருப்பொருள் என்றார். இடத்தையும் காலத்தையும் விட்டு உயிரைப் பேசலாகாது என்பது அவ்வைப்பு முறையாலேயே விளங்கும்.

இனி ஊரை நோக்குவோம். விருத்தாசலம் கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது. பழைய தமிழ் நூல்களில் இதன் பெயர் முதுகுன்றம். சுந்தரர் இவ்வாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராண வரலாறு. பொன்னை அவ்வாறு பின்னர் எடுத்துக்கொள்ளலாம் போலும். தவறவிட்ட பூவை அவ்வாறு எடுக்க இயலாது. ஊரைச் சூழச் செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் நிலக்கடலைக் கொல்லைகளும் உள்ளன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இங்கே உள்ளது. அங்கிருந்து வெளிவந்த முந்திரி, நிலக்கடலை வகைகள் வி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகளுடன் வழங்குகின்றன. இவற்றினும் மேலாக, இவ்வூர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கு உண்டு. உயிரற்ற களிமண்ணுக்கும் உயிரியலுக்கும் உள்ள உறவு பெரிது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பள்ளி திறந்த சில நாள்களில் முதுவேனில் தொடங்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலை ஏறத்தாழ ஒரு திங்களில் பூக்கும். இவ்வட்டாரத்தார் அதனை மல்லாட்டை என்பர். மஞ்சள் நிறமான அப்பூ காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடும். எனவே திட்டத்தில் திங்களை மட்டும் குறித்தாற் போதாது. பாடவேளையையும் குறித்தல் வேண்டும். முதற் பாடவேளையில் சென்றால் பூவைக் காணலாம். மாலையிற் சென்றால் வாடிய இதழையே காணலாம். கருவுற்றபின், சூலகத்தின் அடிப்பகுதி விழுதுபோல் நீண்டு மண்ணிற் புகுந்து, அங்கே காயாக முதிர்கின்றது. மண்ணுக்குள் விளைவதால் கடலையை வேர் என்று எண்ணும் மாணவர் பலர். ஒரு செடியைப் பறித்து, விழுதையும் வேரையும் அருகருகே காட்டினால் அவ்வெண்ணம் நொடியில் நீங்கும். வேரில் உள்ள சிறு முடிச்சுகளை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அங்கு வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன என்பதற்கு அந்நிறமே அடையாளம்.

கொல்லையின் வரப்பில் பனை நிற்கும்; வழியில் புளி நிற்கும். தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் பிரிக்கின்றது. அதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். இக்காலத் தாவரவியலார் ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று வகுக்கும் பகுப்போடு இது பெரிதும் ஒத்து வருகின்றது. பனைமரத்தை வெட்டிய குறுக்குத் துண்டையும் புளியங்கட்டையையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். இப்பகுதியை மட்டும் வகுப்பில் நான் நடத்துவேன். நண்பர் மாணவரோடு அமர்ந்து கேட்பார்.

கார்ப்பருவத்தில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். பெருமழை நம் ஊருக்குக் கூதிரில்தான் வருகின்றது. அப்பொழுது பள்ளிக்கு அருகிலுள்ள ஒவ்வொரு குட்டையும் ஓர் ஆய்வுக்கூடம். தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால் முதலில் வெளிப்படுவதையும், பின் முன்னங்கால் தோன்றுவதையும், வால் சுருங்குவதையும் சில வாரம் கண்டு குறித்து வரலாம். நீர்த்தொட்டியை வகுப்பின் மூலையில் வைத்துப் பார்த்த பின், அவ்வுயிர்களைத் திரும்பக் குட்டையில் விடுதல் வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசுவின் வாழ்க்கையையும் இப்பொழுதே நடத்துதல் வேண்டும். உடைந்த குவளையிலும் கழித்துப் போட்ட கிண்ணத்திலும் தேங்கும் சிறிதளவு மழைநீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ பத்து நாள் போதும். பீங்கான் ஊரில் உடைந்த கலங்களுக்குக் குறைவில்லை. மாணவர் வாரம் ஒருமுறை தெருவில் அவற்றைக் கவிழ்த்து வைத்தால் பாடமும் ஆயிற்று, காவலும் ஆயிற்று.

வெளியே செல்ல இயலாத மழைநாளுக்கு உரிய பாடம் பீங்கான். மெருகுப் பூச்சு இல்லாத சுட்ட களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பானைநீர் குளிர்வதும், மெருகிட்ட சாடியில் நீர் குளிராததும் இதனாலேயே. இலையிலிருந்து நீராவி வெளியேறுவதையும், வியர்வையால் உடல் குளிர்வதையும் விளக்க இவ்விரு கலங்களும் போதும். செருமானிய அறிஞர் பெஃபர் என்பவர் நுண்துளைக் களிமண் குவளையின் சுவரில் மென்சவ்வு ஒன்றைப் படியச் செய்து, உயிரணுவுக்குள் நீர் புகும் விசையை அளந்தார். அந்நூலை 1877-இல் வெளியிட்டார். 1884-இல் பாரிசு நகரில், பாசுடரின் உதவியாளர் சாம்பர்லாந்து என்பவர் மெருகிடாத பீங்கானால் வடிகுழாய் ஒன்று செய்தார். பாக்டீரியங்கள் அதில் தங்கிவிட, தூய நீர் கீழிறங்கியது. உருசிய நாட்டு இவனோவ்சுகி 1892-இல், நோயுற்ற புகையிலையின் சாற்றை இத்தகைய வடிகுழாயில் வடித்தார். வடித்த சாறும் நோயை உண்டாக்கிற்று! பாக்டீரியத்தினும் சிறிய ஏதோ ஒன்று பீங்கானின் துளைவழியே வந்துவிட்டது. 1898-இல் பெயரிங்கு என்னும் டச்சு அறிஞர் இதனை மீண்டும் ஆராய்ந்து அதற்கு வைரசு என்று பெயரிட்டார். வைரசு உண்டு என்பதை உலகிற்கு முதலில் உணர்த்திய கருவி ஒரு பீங்கான் குழாய். தம் தந்தை பிசையும் மண்ணுக்கு இத்தகைய வரலாறு உண்டு என்பதை அறிந்தபோது எங்கள் மாணவர் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தது இன்றும் என் நினைவில் உள்ளது.

அம்மண்ணைப் பற்றிய மற்றொரு செய்தியையும் மறைத்தல் ஆகாது. மூச்சு மண்டலத்தைக் காத்திருக்கும் பாடம் என்றே முதலில் நாங்கள் கருதினோம். பின்னர் அதனை முன்பனியில், மழை ஓய்ந்து மண் உலரத் தொடங்கும் காலத்தில் வைத்தோம். பீங்கானுக்குரிய மண்ணிலும் வெண்கல் தூளிலும் சிலிக்கா என்னும் பொருள் உள்ளது. ஈரமாக இருக்கும்வரை அதனால் தீங்கு இல்லை. உலர்ந்தபின் சுரண்டும்போதும் பெருக்கும்போதும் எழும் மிக நுண்ணிய தூசி, மூக்கின் மயிராலும் தொண்டையின் சளியாலும் தடுக்கப்படாமல் நுரையீரலின் காற்றறைகளை அடைகின்றது. அதனை விழுங்க வரும் காவல் அணுக்கள் தாமே அழிகின்றன, அவ்விடம் தழும்பாகின்றது. பல்லாண்டுகள் இவ்வாறு நிகழின் சிலிக்கோசிசு என்னும் நோய் உண்டாகும். தழும்பை மாற்ற மருந்து இல்லை. காசநோயும் எளிதில் பற்றும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்ளுதல் போதாது. உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல், தூசியை உறிஞ்சும் விசிறி அமைத்தல், அதற்கென உள்ள முகமூடி அணிதல் ஆகியவையே காக்கும். இப்பாடம் நடந்த நாளில், எங்கள் மாணவி ஒருத்தி வினாவேதும் கேட்கவில்லை. காற்றறையின் படத்தை மட்டும் மற்றொரு தாளில் வரைந்து வீட்டிற்கு எடுத்துச் சென்றாள்.

தைத் திங்களில் முந்திரி பூக்கின்றது. இங்கேதான் திட்டமிடுவோர்க்கு இடர் வருகின்றது. பத்தாம் வகுப்பில் அப்பொழுது புதிய பாடம் நடப்பதில்லை. பொதுத்தேர்விற்குத் திருப்புதலே நடக்கும். ஊரின் சிறந்த பூ மலரும் திங்களில் மாணவர் பழைய வினாத்தாளுக்கு விடை எழுதிக்கொண்டிருப்பர். தேர்வை இகழ்ந்து பேசுதல் எளிது. மாணவரின் எதிர்காலம் அதில் உள்ளமையால் நான் அவ்வாறு பேசேன். ஆயினும் நூறு பாடவேளையில் இரண்டை முந்திரித் தோப்பிற்கு ஒதுக்குமாறு நண்பரை வற்புறுத்தினேன். அவர் ஆடித் திங்களிலேயே அவ்விரண்டையும் சிவப்பு மையால் குறித்துவைத்தார். ஒரே கொத்தில் ஆண்பூவும் இருபாற் பூவும் கலந்திருத்தலை அங்கே காணலாம். பிரேசில் நாட்டிற்குரிய இம்மரம் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியரால் இந்தியாவிற்கு வந்தது. நாம் பழம் என்பது பருத்த காம்பே. கீழே தொங்கும் கொட்டையே உண்மைக் கனி.

தோப்பிற்குச் செல்லுமுன் பாம்பைப் பற்றிய பாடத்தை முடித்துவிடுதல் வேண்டும். விடுமுறையில் கொட்டை பொறுக்கச் செல்லும் சிறுவர் சருகில் கைவைப்பர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அவர் அடையாளம் அறிதல் நலம். கடித்த இடத்தைக் கீறுதலும் வாயால் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். நச்சுமுறி மருந்து அங்கேதான் உண்டு. அம்மருந்து செய்வதற்குரிய நஞ்சை, 1978-இல் சென்னைக்கு அருகே தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகின்றனர்.

முந்திரி கனியும் இளவேனிலில் பள்ளிக்கு விடுமுறை. ஆகவே கீழ்வகுப்பு மாணவர்க்கு ஒரு வேலை தரப்படும். தாம் பார்த்த ஒரு பூங்கொத்தில் எத்தனை பூ இருந்தது, அவற்றுள் எத்தனை கனியாயிற்று என்று எண்ணிக் குறித்து வருதல் வேண்டும். கொட்டையின் தோலில் உள்ள நெய் கையைப் புண்ணாக்கும் ஆதலின் அதனை உடைத்தல் கூடாது. ஜூன் திங்களில் பள்ளி திறந்ததும், நண்பர் அக்குறிப்புகளை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, புதிய குறிப்பேட்டின் முதற் பக்கத்தைத் திறப்பார்.