உஷார்! பழைய லொறிக்கு வேகம் கூட்டுகிறீர்களா? பெரகல இறக்கம் காத்திருக்கிறது

கொட்டகையில் கிடந்த பழைய ஃபோர்ட் லொறியையோ வில்லீஸ் ஜீப்பையோ எடுத்து, ஏப்ரல் சீசனுக்குள் 'ஏத்திவிடலாம்' என்று கராஜில் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். ஹெட்டைச் சீவக் கொடுப்பதற்கு முன், இரட்டைக் கார்பரேட்டருக்கு முற்பணம் கட்டுவதற்கு முன், இதை வாசித்துவிடுங்கள். வண்டி அப்புத்தளையிலிருந்து பெரகல வழியாக வெல்லவாயப் பக்கம் இறங்குகிற வண்டியாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய இரும்புக்கெல்லாம் மவுசு ஏறிவிட்டது. 2025 பெப்ரவரியில் தடை தளர்ந்தது, ஆசை தளரவில்லை. ஆசையில் தப்பில்லை. துருப்பிடித்துக் கிடந்த ஒன்றைப் பூசி மெழுகி, தம்பேதன்ன ரோட்டில் லிப்டன் சீட் வரை வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிப் போவது பார்க்கவும் அழகுதான். ஆனால் அமெரிக்காவின் சமவெளி ரோட்டில் ஒருவன் செய்ததை வீடியோவில் பார்த்துவிட்டு, அப்புத்தளையின் 1,400 மீற்றர் உயரத்தில் அப்படியே செய்வதுதான் ஆபத்து.

இந்தப் பழைய வண்டிகளின் சைட் வால்வ் என்ஜினைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வால்வுகள் ஹெட்டில் இருக்காது, சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்குக்குள் நிற்கும். ஹெட் என்பது சட்டி மேல் கவிழ்த்த மூடி போல, அவ்வளவுதான். ஃபோர்ட் 1932இல் கொண்டுவந்து அமெரிக்காவில் 1953 வரை வைத்திருந்த வி-8 என்ஜினில் இன்னொரு சங்கடமும் உண்டு. எரிந்த வாயு வெளியே போக, தண்ணீர் ஓடும் பிளாக்குக்குள்ளேயே சிலிண்டர்களுக்கு இடையில் புகுந்து போகிறது. சிலிண்டரின் சூடு போதாதென்று புகையின் சூட்டையும் ரேடியேட்டரே சுமக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே கொதிக்கிற என்ஜின் இது. பிற்காலத்தில் கோர்வெட் காரால் புகழ்பெற்ற சோரா அர்க்கஸ்-டன்டோவ் 1947இல் இதற்கென்று 'ஆர்டன்' ஹெட் செய்தபோது அவர் மனதில் இருந்ததும் பாரம் இழுத்துக் கொதித்த ஃபோர்ட் லொறிகள்தான். பந்தயக்காரர்கள் அதைக் கொத்திக்கொண்டு போனது வேறு கதை. அவரே சைட் வால்வோடு மல்லுக்கட்டாமல், வால்வுகளை ஹெட்டுக்கே தூக்கிவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அப்புத்தளையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. 100 குதிரைசக்தி என்று எழுதியிருக்கும் வி-8 இங்கே 85 தந்தால் அதுவே பெரிது. 60 என்று சொன்ன வில்லீஸ் 51இல் நிற்கும். இதைத்தான் 'என்ஜின் செத்துப்போச்சு அண்ணே' என்கிறோம். செத்துப்போகவில்லை, மூச்சு முட்டுகிறது. காற்றுக் குறைந்த இடத்தில் பெற்றோல் ஏற்கெனவே கூடுதலாகத்தான் போகிறது. அங்கே போய்க் கார்பரேட்டரில் பெற்றோல் விடும் ஜெட்டைப் பெரிதாக்கினால் கறுப்புப் புகையோடு எண்ணெயும் கரையும். சரி என்று இங்கே ஜெட்டைச் சின்னதாக்கி அழகாக ஓட வைத்தால், அதே வண்டி வெல்லவாயச் சூட்டில் பெற்றோல் போதாமல் எரிந்து எக்ஸோஸ்ட் வால்வைத் தின்றுவிடும். ஒரே பயணத்தில் 1,200 மீற்றர் ஏறி இறங்குகிற வண்டிக்கு 'சரியான ஜெட்' என்று ஒன்று கிடையாது. ஓரளவு ஒத்துப்போகிற ஜெட்தான் உண்டு.

அடுத்தது ஹெட் சீவுவது. கொம்ப்ரஷன் கூடும், உண்மை. அந்தக் கால என்ஜினுக்கு இன்றைய 92 பெற்றோல் தாராளம் என்பதும் உண்மை. ஆனால் சைட் வால்வில் காற்று வால்விலிருந்து மேலே எழும்பி, பக்கவாட்டாக நகர்ந்து சிலிண்டருக்குள் விழ வேண்டும். ஹெட்டைச் சீவச் சீவ அந்த வழி ஒடுங்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை. கூடுதலாகச் சீவிவிட்டால் தூக்கும் வால்வு ஹெட்டிலேயே போய் முட்டும். சீவியே தீருவேன் என்பவர் ஒன்று செய்யுங்கள்: வால்வின் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, என்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தாலே வயிறு கலங்கும்.

சூட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 95இலேயே கொதித்துவிடும். பழைய ரேடியேட்டர் பலவற்றுக்குப் பிரஷர் மூடியும் இல்லை. புதிதாகப் பிரஷர் மூடி போட்டால் எழுபது வருடத்து ஈயப்பற்று பிளந்துகொள்ளும். அதற்கு மேல் போர் பண்ணிச் சிலிண்டர் சுவரை மெலிதாக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஹல்துமுல்லயிலிருந்து ஏறும்போது ஆவி பறக்க ஆரம்பித்ததும் நம் ஆட்கள் செய்வது என்ன? ரோட்டோரப் பீலியில் வாளியைப் பிடித்துச் சில்லென்ற தண்ணீரை அப்படியே ஊற்றுவது. கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வால்வ் சீட்டிலிருந்து சிலிண்டர் வரை மயிரிழை போல வெடிப்பு ஓடும். அந்த பிளாக்கை ஒட்டித் தருகிற பாஸ்மார் ஊவாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சூடு இறங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மூடியை வெறுங்கையால் திறக்காதீர்கள்.

பெற்றோலும் இதே சூட்டில் கொதிக்கும். பம்ப் என்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஃபோர்டில் குழாய்க்குள் ஆவி அடைத்து வண்டி ஏற்றத்தின் நடுவில் நின்றுவிடும். உடனே ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தூக்கி, டியூப்பால் நேராகக் கார்பரேட்டருக்கு விடுகிற வைத்தியம் இருக்கிறதே, அது வைத்தியமல்ல, கொள்ளி. ஈரத்துணி சுற்றி அரை மணி நேரம் பொறுத்திருப்பதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

இனி, பலரும் யோசிக்காத இடம். வால்வுகளைத் தூக்கும் கேமை மாற்றி 'ரேஸ் கேம்' போட்டால் என்ஜின் உறுமும், மெதுவான ஓட்டத்தில் குலுங்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மனிஃபோல்டின் வெற்றிட இழுவை அதனால் விழுந்துவிடும். பழைய ஃபோர்டில் வைப்பர் ஓடுவது அந்த இழுவையில். பிரேக் பூஸ்டர் இருந்தால் அதுவும் அந்த இழுவையில்தான். பின்னேரம் மூன்று மணிக்கு மூடுபனி மேலேறி வரும்போது, பெரகலச் சந்திக்கு முன்னால், வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று பிரேக் பெடல் கல்லாக இறுகினால் எப்படி இருக்கும்? இரட்டைக் கார்பரேட்டரின் இணைப்புக் கம்பிகள் சரியாக மூடாமல் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தால், காலை எடுத்தாலும் என்ஜின் வண்டியைப் பிடிக்காது.

இறக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாரத்தோடு 5 தொன் வரும் லொறி அப்புத்தளையிலிருந்து பெரகல, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய வரை இறங்கும்போது விடும் சக்தி, சாதாரணத் தண்ணீர் 170 லீற்றருக்கு மேல் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையையும் வாங்குவது யார்? என்ஜினும், காற்றும், நான்கு பழைய டிரம்களும். என்ஜின் பிடிக்காவிட்டால் மிச்சம் டிரம் தலையில். லைனிங் வழுக்கும், வீல் சிலிண்டரில் பழைய பிரேக் எண்ணெய் கொதித்துப் பெடல் தரைக்குப் போகும். அந்தக் காலத்து ஹைட்ரோலிக் பிரேக்குக்கு ஒரே வழிதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிடும்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிற பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்த லொறிகள் பலவற்றின் கியர்பெட்டியில் சின்க்ரோ இல்லை. இறக்கத்தில் ஒருமுறை நியூட்ரலுக்குப் போய் வேகம் பிடித்துவிட்டால், டபுள் கிளச் நன்றாகத் தெரிந்தவருக்கே திரும்பக் கீழ்க்கியருக்கு வருவது கஷ்டம். மற்றவர்களுக்குப் பல்லோடு பல் அரைபடும் சத்தம் மட்டுமே மிச்சம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; அதையும் இறக்கம் தொடங்குமுன் போட்டுவிடுங்கள்.

வேகம் பார்க்க ஆசையென்றால் நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலிருந்து இருக்கிறது. அங்கே பாதையை மூடித்தான் ஓட்டுகிறார்கள். பந்தயத் திடலே பாதுகாப்பு என்று நினைத்துவிடவும் வேண்டாம். நமக்குப் பக்கத்துத் தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டுப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். நம் ஏ-16 ரோட்டிலோ பள்ளிப் பிள்ளைகள் ஓரத்தில் நடக்கிறார்கள், வளைவுக்கு அந்தப் பக்கம் கொழுந்து லொறி வருகிறது.

ஆகவே கையில் இருக்கும் காசை முதலில் பிரேக்குக்குப் போடுங்கள். குழாய் எல்லாம் புதிது, வீல் சிலிண்டர் ரப்பர் புதிது, எண்ணெய் புதிது, டிரம் வெடிப்பில்லையா என்று ஒரு பார்வை. இரண்டாவது ரேடியேட்டரின் உள்ளே அடைத்திருக்கும் காறையைக் கழுவி எடுப்பது. பிறகு டைமிங், பிளக், ஒழுங்கான ஒற்றைக் கார்பரேட்டர். பல வண்டிகளுக்கு இதிலேயே 'செத்துப்போன' சக்தி பாதி திரும்பிவிடும். பிளாக்கையே மாற்றுவதென்றால் புதிய என்ஜின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் ரோட்டில் இறக்காதீர்கள். காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே யாரோ 'ஏத்திவிட்ட' வண்டியை வாங்கியிருக்கிறீர்களா? ஹெட் எவ்வளவு சீவப்பட்டது, எந்தக் கேம் உள்ளே இருக்கிறது என்று விற்றவரிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால், ஹெட்டைக் கழற்றிப் பார்த்து, பிரேக்கையும் முடித்துக்கொள்ளும் வரை பண்டாரவளைப் பக்கமே ஓட்டுங்கள். பெரகலவுக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.