பந்தலில் பெண் பூ

பீர்க்கங்கொடி பந்தலேறியதும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள், மலர்ந்து உதிர்ந்துவிடும். காய் தருவது, இதழுக்குக் கீழே குட்டிப் பிஞ்சோடு வரும் பெண் பூ மட்டும்தான்.

எந்த மொட்டு ஆணாகும், எது பெண்ணாகும்? வெள்ளரியில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அரும்பும்போது ஒவ்வொரு மொட்டிலும் இரண்டு பாகங்களும் இருக்கும். செடிக்குள் எத்திலீன் கூடினால் ஆண் பாகத்தின் வளர்ச்சி நின்று, சூலகம் வளரும். வாழைக்காயைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான்.

அதைச் செடிக்குள் கொண்டுபோகும் மருந்துதான் எத்ரல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி பீர்க்கு, பூசணிக்கு 10 லிட்டர் தண்ணீரில் 2.5 மி.லி.; புடலைக்கு 1 மி.லி. போதும். விதைத்த 10-15 நாளில் தொடங்கி, வாரம் ஒருமுறையாக நான்கு முறை அடிக்க வேண்டும். கொடியில் இரண்டு மூன்று இலைதானே இருக்கிறது, இப்போதே எதற்கு என்று தோன்றும். மொட்டு கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அதன் போக்கு முடிவாகிவிடுகிறது. ‘எல்லாம் ஆண் பூவா நிக்குதே’ என்று பார்த்தபின் அடிப்பவர்கள், ஏற்கெனவே அரும்பிவிட்ட மொட்டுகளைக் கோட்டை விட்டவர்கள்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். எத்ரல் அமிலத்தன்மையில்தான் நிலையாக இருக்கும். காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் கலந்து வைத்தால், இலையில் படும் முன்பே டேங்கில் உடைந்து வீணாகும். கலந்த கையோடு அடித்துவிடுவதே நல்லது.

மிளகாயில் சிக்கல் வேறு. பூ நிறைய வரும். வெயில் ஏறினால் கொட்டிவிடும். காம்படியில் உருவாகும் உதிர்வு அடுக்கைத் தள்ளிப்போட, கடைகளில் பிளானோபிக்ஸ் என்று கேட்டு வாங்கப்படும் என்.ஏ.ஏ. உதவுகிறது. நட்ட 60, 90-ஆம் நாட்களில் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு வெறும் 10 மில்லிகிராம். 4.5 சதவீத மருந்தென்றால், 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மி.லி.

இந்த அளவை மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. ஊசி போடும் சிரிஞ்சால் அளக்க வேண்டும். என்.ஏ.ஏ. சேர்ந்த, ஆக்சின் எனும் வளர்ச்சி ஊக்கி வகையிலேயே வருவது 2,4-டி. நுண்ணிய அளவில் தக்காளியில் காய் பிடிக்கவைக்கும் அது, அளவு கூடினால் களைக்கொல்லி. பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்து பட்டால்கூடத் தக்காளி இலை முறுக்கிக்கொள்ளும். எத்ரல் கூடினாலும் கொடி குறுகி, இலை மஞ்சளாகும்.

இந்த மருந்துகள் உரம் அல்ல. அடியுரமும் பாசனமும் குறைந்த கொடியில் பெண் பூ எத்தனை வந்தாலும் பிஞ்சு வெம்பும். மகரந்தத்துக்கு ஆண் பூவும் தேவை. பூசணி விடியலில் மலரும், பீர்க்கு மாலையில். அந்த நேரங்களில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. தேனீ வரத்து குறைந்த தோட்டத்தில், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவிவிடலாம்.